கல்லூரிப் பெண்கள் டென்னிஸ்: ஹெட் கோச்சின் வேலை என்ன?

டென்னிஸைத் தனிநபர் ஆட்டமாகத்தான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். விம்பிள்டனில் ஆடுபவர் தனியாக நிற்பார், கோச் கேலரியில் உட்கார்ந்து கைதட்டுவார். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸ் அப்படியில்லை. அங்கே ஆடுவது ஒரு டீம். பக்கத்துப் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஆறு பெண்கள் ஆடுவார்கள், ஆறு முடிவுகளும் ஒரே ஸ்கோரில் வந்து சேரும், கோச் கோர்ட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பார். அந்த டீமில் யார் இருக்க வேண்டும், யார் எந்த இடத்தில் ஆட வேண்டும், எப்படித் தயாராக வேண்டும் என்பதற்கெல்லாம் பொறுப்பு ஒருவருக்கு. அவர்தான் ஹெட் கோச்.

இந்த வேலையைப் புரிந்துகொள்ள ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் டீமை வழிநடத்திய லெலே ஃபொரூட். அவர் ஹெட் கோச்சாக இருந்தபோது ஸ்டான்ஃபோர்ட் பத்து முறை தேசியப் பட்டம் வென்றது: 2001, 2002, 2004, 2005, 2006, 2010, 2013, 2016, 2018, 2019. பத்துமே பெரிய விஷயம்தான். ஆனால் என்னைக் கேட்டால், கோச் என்ற முறையில் அவருடைய திறமை முழுசாகத் தெரிவது 2013, 2016, 2018 ஆகிய மூன்றில். அந்த மூன்று ஆண்டும் போட்டி தொடங்கும் முன் நடத்துபவர்கள் ஸ்டான்ஃபோர்டுக்குக் கொடுத்த தரவரிசை இடம் முறையே 12, 15, 15. அதாவது, இவர்களைவிடப் பலமான டீம்கள் என்று பத்துக்கும் மேற்பட்டவற்றைக் கணித்திருந்தார்கள். அப்புறமும் கோப்பை ஸ்டான்ஃபோர்டுக்குத்தான் போனது. அது எப்படி என்பதற்குப் பதில் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஏழு பாயின்ட், நாலு எடுத்தால் போதும்

இரண்டு பல்கலைக்கழகங்கள் மோதும் ஒரு டீம் மேட்சில் மொத்தம் ஏழு பாயின்ட். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் நடக்கும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு செட். மூன்றில் இரண்டை ஜெயிக்கும் டீமுக்கு ஒரு பாயின்ட். அது முடிந்ததும் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். இவை மூன்றில் இரண்டு செட் என்ற வழக்கமான கணக்கு. ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு பாயின்ட். முதலில் நாலு பாயின்ட் எடுத்த டீம் ஜெயித்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டீமின் சிறந்த வீராங்கனை முதல் கோர்ட்டில் ஆடுவார். ஆறாவது ஆள் ஆறாவது கோர்ட்டில் ஆடுவார். இரண்டு பேர் ஜெயித்தாலும் கிடைப்பது ஒரே ஒரு பாயின்ட்தான். முதல் கோர்ட்டில் ஆடும் பெண் நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கலாம், பின்னாளில் அமெரிக்க ஓப்பனில் ஆடலாம். டீமின் கணக்கில் அவருடைய வெற்றி ஆறாவது பெண்ணின் வெற்றிக்குச் சமம். இது புரிந்துவிட்டால் ஹெட் கோச்சின் கவலை எங்கே இருக்கும் என்பதும் புரிந்துவிடும். நட்சத்திரம் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது இடத்தில் ஆடும் பெண்கள் தேசியப் போட்டி நடக்கும் மே மாதத்தில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதில்தான் பட்டம் இருக்கிறது.

சரி, பலவீனமான ஆளை முதல் கோர்ட்டில் பலி கொடுத்துவிட்டு, பலமானவர்களைக் கீழே இறக்கி ஐந்து பாயின்ட் அள்ளலாமே என்று தோன்றும். அதற்கு அனுமதி இல்லை. திறமை வரிசைப்படிதான் ஆட்களை இறக்க வேண்டும். கிரிக்கெட்டில் நைட் வாட்ச்மேனை அனுப்புகிற மாதிரி இங்கே வரிசையை மாற்ற முடியாது. வரிசை நியாயமாக இல்லை என்று தோன்றினால் எதிரணி ஆட்சேபிக்கலாம். ஆனால் மூன்றாவது ஆளும் நாலாவது ஆளும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும்போது யாரை மேலே வைப்பது என்பதில் கோச் தன் விருப்பப்படி முடிவெடுக்கக் கொஞ்சம் இடம் உண்டு. இரட்டையர் ஜோடி சேர்ப்பதில் இன்னும் அதிக இடம் உண்டு. யாருடைய சர்வும் யாருடைய வாலியும் (பந்து தரையில் படும் முன் அடிப்பது) சேரும், யாருடைய சுபாவம் யாருக்கு ஒத்துவரும் என்றெல்லாம் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் ஜோடி அமையும்.

இன்னொரு விதியும் புதியவர்களுக்கு விநோதமாக இருக்கும். முக்கியமான போட்டிகளில் ஒரு டீம் நாலாவது பாயின்ட் எடுத்த அந்த நொடியே மற்ற கோர்ட்டுகளில் நடந்துகொண்டிருக்கும் ஆட்டங்கள் அப்படியே நிறுத்தப்படும். மூன்றாவது செட்டில் 5-2 என்று முன்னிலையில் இருந்த பெண்ணின் பெயருக்கு நேராக 'முடியவில்லை' என்று மட்டும் பதிவாகும். ஜெயிக்கப் போகிற ஆட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்துக் கோர்ட்டுக்கு ஓடித் தோழியைக் கட்டிப்பிடிக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து தனியாக ஆடி, தன் பெயருக்கு ரேங்க் சேர்த்து வளர்ந்த ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இதைப் பழக்குவது லேசான காரியமில்லை.

கோர்ட்டுக்குள் கோச்

கல்லூரி டென்னிஸில் பாயின்ட்டுகளுக்கு நடுவிலும், பக்கம் மாறும்போதும் கோச் ஆடுபவரோடு பேசலாம். கோர்ட் ஓரத்திலேயே நிற்கலாம். ஆறு கோர்ட்டுகளுக்கு இருப்பதோ இரண்டு மூன்று கோச்சுகள். ஆகவே எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது என்பதே ஒரு முடிவு. ஒரு பெண் தானாகவே சமாளித்துக்கொள்வார், விட்டுவிடலாம். இன்னொருவர் முதல் செட்டை இழந்து தலையைத் தொங்கப் போட்டிருப்பார், அங்கே போக வேண்டும். மூன்றாவது பெண்ணுக்குக் கோச் பக்கத்தில் வந்தாலே பதற்றம் கூடிவிடும், தூரத்திலிருந்து தலையாட்டினால் போதும். ஆறு பேருடைய சுபாவமும் தெரிந்திருந்தால்தான் இந்த நடமாட்டம் சரியாக வரும்.

கிட்டே போய்ப் பார்ப்போம். கல்லூரி ஆட்டத்தில் 40-40 ஆனால், டியூஸ், அட்வான்டேஜ் என்று இரண்டு பாயின்ட் வித்தியாசம் வரும்வரை இழுப்பது கிடையாது. அடுத்த ஒரே பாயின்ட்டில் கேம் முடிந்துவிடும். அந்தப் பாயின்ட்டில் சர்வ் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதைப் பந்தைத் திருப்பி அடிப்பவரே தேர்ந்தெடுக்கலாம். ஒரு செட்டில் இப்படி மூன்று நாலு முறை நடந்தால், அந்த மூன்று நாலு பாயின்ட்டுதான் செட். எதிராளி நெருக்கடியில் எந்தப் பக்கம் நம்பிச் சர்வ் போடுகிறார், எந்தப் பக்கம் கை நடுங்குகிறது என்பதைக் கோச் முதல் செட்டிலேயே குறித்து வைத்திருப்பார். பக்கம் மாறும் ஒன்றரை நிமிடத்தில் அவர் சொல்வது இரண்டே வரியாக இருக்கும்: அடுத்த 40-40-ல் இடப்பக்கம் எடு, இரண்டாவது சர்வ் வந்தால் ஒரு அடி உள்ளே நின்று அடி. அதற்கு மேல் சொன்னால் மண்டையில் ஏறாது. நல்ல கோச்சுகள் ஆட்டத்தின் நடுவில் டெக்னிக்கைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். முழங்கை எங்கே இருக்கிறது என்பதெல்லாம் டீம் சீசன் தொடங்கும் முன், அக்டோபர் மாதத்தில் பார்க்க வேண்டிய விவகாரம்.

ஆள் பிடிக்கும் வேலை

ஹெட் கோச்சின் நேரத்தில் பெரும்பங்கு ரெக்ரூட்டிங்குக்கு, அதாவது பள்ளியில் படிக்கும் வீராங்கனைகளைத் தேடிப் பிடித்துத் தன் பல்கலைக்கழகத்துக்கு வரச் சம்மதிக்க வைப்பதற்குப் போகிறது. கோச்சுகள் ஜூனியர் போட்டிகளுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். வெறும் ஸ்கோரைப் பார்க்க அங்கே போக வேண்டியதில்லை, அது இணையத்திலேயே கிடைக்கும். தோற்றுக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் என்ன செய்கிறார், லைன் தீர்ப்பு தப்பாகப் போனால் எப்படி நடந்துகொள்கிறார், ஆட்டம் முடிந்து அப்பா அம்மாவிடம் எப்படிப் பேசுகிறார் என்பதைப் பார்க்கத்தான் போகிறார்கள்.

பல காலம், கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான முதல் பிரிவில் பெண்கள் டென்னிஸ் டீமுக்கு எட்டு முழு உதவித்தொகை என்று வரம்பு இருந்தது. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்த முழுத் தொகை. ஆண்கள் டீமுக்கு நாலரைதான். அதையும் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எட்டு இடம் என்றால் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு புதிய பெண்கள்தான் வர முடியும். அதில் ஒரு தேர்வு பிசகினால் நாலு வருடத்துக்கு அந்த இடம் போயிற்று. 2025-26 முதல், வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு போய், டீமில் பத்து பேர் வரைதான் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது.

ஸ்டான்ஃபோர்ட் மாதிரியான இடத்தில் இன்னொரு சிக்கல். படிப்பிலும் முன்னணியில் இருக்கும் பெண்தான் அங்கே உள்ளே வர முடியும். கோச் கேட்டார் என்பதற்காக மட்டும் சீட் கிடைத்துவிடாது. டென்னிஸும் படிப்பும் சேர்ந்து வரும் ஆட்கள் நாடு முழுக்கச் சலித்தாலும் ஒரு வருடத்தில் சிலர்தான் தேறுவார்கள். அந்தச் சிலரையும் தொழில்முறை ஆட்டம் ஒரு பக்கம் இழுக்கும், மற்றப் பல்கலைக்கழகங்கள் மறுபக்கம் இழுக்கும்.

பல டீம்கள் வெளிநாட்டு மாணவிகளை நிறையச் சேர்க்கின்றன. இந்தியாவிலிருந்தும் போகிறார்கள். சென்னையில் படித்து வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2007, 2008 என்று அடுத்தடுத்து ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்றதை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பெற்றோர்கள் இந்த வழியை இன்னும் கவனித்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். பெண்ணுக்கு டென்னிஸா, பட்டப்படிப்பா என்று பதினேழு வயதில் ஒன்றைத் தூக்கிப் போட வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

சமீப ஆண்டுகளில் ஆள் பிடிப்பது இன்னும் கடினமாகியிருக்கிறது. 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற விரும்பும் வீரர்கள் அதில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். 2021 முதல் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்றும் ஆனது. மாணவர்களுக்கு இரண்டுமே நல்லது. கோச்சுக்கோ, சேர்த்த ஆள் தங்குவாரா என்ற கேள்வி ஒவ்வொரு ஜூன் மாதமும் திரும்ப எழும்.

ஒரு வருடம்

வருடத்தின் ஓட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கும். டிசம்பர் வரை பெரும்பாலும் தனிநபர் போட்டிகள்தான். முன்பு மே மாதத்தில் டீம் போட்டி முடிந்த கையோடு நடந்த தேசிய ஒற்றையர், இரட்டையர் போட்டிகள் 2024-லிருந்து நவம்பருக்கு மாறியிருக்கின்றன. ஜனவரியில் டீம் சீசன் தொடங்கும். பிப்ரவரியில் உள்ளரங்க டீம் சாம்பியன்ஷிப். அப்புறம் பிராந்திய லீக் ஆட்டங்கள். மே மாதத்தில் 64 டீம்கள் மோதும் தேசியப் போட்டி. ஆறு முறை ஜெயித்தால் பட்டம், நடுவில் ஒரு முறை தோற்றாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சீசனில் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி வைக்கக் கூடாது, ஒரு நாள் முழு ஓய்வு கொடுக்க வேண்டும். சீசன் இல்லாதபோது எட்டு மணி நேரம்தான். இதோடு தேர்வுகள், பயணங்கள், காயங்கள் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டும். அதனால் பிப்ரவரியிலேயே டீமை உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டால் மே மாதத்தில் ஆறாவது கோர்ட்டில் நிற்கும் பெண்ணுக்குக் காலில் தெம்பு இருக்காது. ஃபொரூடின் டீம்கள் 12-வது, 15-வது இடத்திலிருந்து ஜெயித்ததற்கு ஒரு காரணத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன். குளிர்காலத் தோல்விகள் தரவரிசையைத்தான் கெடுக்கும். மே மாதத்தில் ஆறு பேரும் நல்ல உடம்போடு, தோற்றுப் பழகிய மனத்தோடு வந்து நின்றால், தரவரிசையைக் கோர்ட்டுக்கு வெளியே விட்டுவிடலாம்.

2010 முதல் 2013 வரை

ஒரு ஹெட் கோச்சின் வேலை என்ன என்பதை இந்த நாலு ஆண்டுகள் சொல்கிற அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது.

2010 மே, ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் நகரம். இறுதி ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டும் ஃபுளோரிடாவும் 3-3. மிச்சம் இருந்த ஒரு கோர்ட்டில் ஆடிக்கொண்டிருந்தவர் முதலாம் ஆண்டு மாணவி மேலரி பர்டெட். அவர் ஜெயித்தார், பட்டம் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தது. அவருடைய அக்கா லிண்ட்சியும் அதே டீமில் இருந்தார்.

அடுத்த ஆண்டு இறுதிப் போட்டிகள் ஸ்டான்ஃபோர்டின் சொந்த மைதானத்திலேயே நடந்தன. அந்த மைதானத்தில் ஸ்டான்ஃபோர்ட் 1999 பிப்ரவரிக்குப் பிறகு ஒரு முறைகூடத் தோற்றதில்லை. தொடர்ந்து 184 வெற்றிகள். மறுபடியும் எதிரில் ஃபுளோரிடா, மறுபடியும் 3-3, மறுபடியும் கடைசிக் கோர்ட்டில் மேலரி பர்டெட். எதிரில் லாரன் எம்ப்ரீ. மூன்றாவது செட்டில் பர்டெட் 4-0 முன்னிலை. இன்னும் இரண்டு கேம் எடுத்தால் பட்டம். எம்ப்ரீ அங்கிருந்து மீண்டு வந்து ஜெயித்தார். பட்டம் போனது, பன்னிரண்டு ஆண்டு சாதனையும் அன்றே முடிந்தது.

இப்போது கோச்சின் இடத்தில் நின்று யோசியுங்கள். சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் தோற்ற இருபது வயதுப் பெண். அழுது முடிக்க நேரம் கிடையாது. அடுத்த சில நாட்களிலேயே அதே மைதானத்தில் தனிநபர் போட்டிகள். அவரை மறுபடி கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். பர்டெட் ஹிலரி பார்ட்டோடு ஜோடி சேர்ந்து அந்த ஆண்டின் இரட்டையர் பட்டத்தை வென்றார். டீம் பட்டங்களின் பட்டியலில் இது வராது. ஆனாலும் ஃபொரூட் நடத்திய டீமின் தரத்துக்கு நான் காட்டக்கூடிய சிறந்த சான்று அந்த ஒரு வாரம்தான்.

2012-ல் டீம் பட்டம் திரும்பவும் ஃபுளோரிடாவுக்கே போனது. ஆனால் ஒற்றையர் இறுதியில் மோதிய இருவருமே ஸ்டான்ஃபோர்ட் பெண்கள்: நிகோல் கிப்ஸும் மேலரி பர்டெட்டும். கிப்ஸ் ஜெயித்தார். இருவரும் சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார்கள். ஒற்றையர் இறுதியில் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடிய இரண்டு பேர் இரட்டையரில் ஒரே பக்கம் நின்று ஜெயிக்கிறார்கள் என்றால், அந்த டீமுக்குள் உறவு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடையில் பர்டெட் அமெரிக்க ஓப்பனில் மூன்றாவது சுற்று வரை போய் மரியா ஷரபோவாவிடம் தோற்றார். பிறகு கடைசி ஆண்டு ஆட வராமல் தொழில்முறை வீராங்கனையானார். எந்தக் கோச்சும் இதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் டீமின் முதல் இரண்டு தூண்களில் ஒன்று போய்விட்டது. 2013-ல் ஸ்டான்ஃபோர்டுக்கு 12-வது இடம் கிடைத்தது அப்படித்தான்.

அந்த மே மாதம் இல்லினாய் மாநிலத்தின் அர்பானாவில் இறுதி ஆட்டம். எதிரில் டெக்சஸ் ஏ அண்ட் எம். மறுபடியும் 3-3. இந்த முறை கடைசிக் கோர்ட்டில் இருந்தவர் கிரிஸ்டி ஆன். அவர் முடித்துவைத்தார். கிப்ஸ் ஒற்றையர் பட்டத்தை இரண்டாவது முறையாக வென்றுவிட்டு அவரும் தொழில்முறைக்குப் போனார். ஆன் படிப்பை முடித்துவிட்டுப் போய், 2019 அமெரிக்க ஓப்பனில் நாலாவது சுற்று வரை முன்னேறினார்.

ஒரு தலைமுறை போய்விட்டது. மூன்றே வருடத்தில், 2016-ல், டல்சா நகரில் முற்றிலும் வேறு பெண்களோடு 15-வது இடத்திலிருந்து ஒக்லஹோமா ஸ்டேட்டை 4-3 என்று ஸ்டான்ஃபோர்ட் வென்றது. கடைசிக் கோர்ட்டில் டெய்லர் டேவிட்சன். 2018-ல் வின்ஸ்டன்-சேலத்தில், முதலிடத்தில் இருந்த வாண்டர்பில்ட்டை அதே 4-3 கணக்கில் வென்றது. கடைசிக் கோர்ட்டில் மெலிசா லார்ட். 2010-லிருந்து பார்த்தால் நாலு முறை 4-3, நாலு முறையும் முடித்துவைத்தவர் வெவ்வேறு ஆள். ஒரு முறை 4-3 என்றால் அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். நாலு முறை அப்படிச் சொல்ல முடியாது. கடைசிக் கோர்ட்டில் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஆறு பேரையும் அந்த ஒரு பாயின்ட்டுக்குத் தயார் செய்து வைத்திருக்க வேண்டும். ஃபொரூட் செய்தது அதைத்தான்.

இந்த நாற்காலிக்கு எப்படி வருகிறார்கள்?

ஃபொரூட் ஃபுளோரிடாவிலிருந்து வந்து 1970-களில் ஸ்டான்ஃபோர்டிலேயே மாணவியாக ஆடியவர். தொழில்முறையில் ஆடினார். அப்புறம் ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பி, ஹெட் கோச் ஃபிராங்க் பிரென்னனிடம் பல ஆண்டுகள் அசிஸ்டன்ட் கோச்சாக வேலை பார்த்தார். பிரென்னன் 1982 முதல் 1999 வரை பத்துப் பட்டங்கள் வென்றவர். 2000-ல் அவர் விலகியதும் பொறுப்பு ஃபொரூடின் கைக்கு வந்தது. பத்துப் பட்டம் வென்றவரின் நாற்காலியில் உட்காருவது எப்படிப்பட்ட சுமை என்று சொல்லத் தேவையில்லை. முதல் சீசனிலேயே பட்டம். 2019-ல் ஆர்லாண்டோவில் ஜார்ஜியாவை 4-0 என்று வென்றபோது அவருடைய கணக்கும் பத்து, ஸ்டான்ஃபோர்டின் கணக்கு இருபது.

இந்த இருபதுக்கு ஒரு சட்டம் அடித்தளம் போட்டது. அமெரிக்காவில் 1972-ல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்கள் ஆண் பெண் பேதம் காட்டக் கூடாது என்றது. பெண்கள் விளையாட்டுக்குப் பணமும் உதவித்தொகையும் வந்தன. 1982-ல் பெண்கள் டென்னிஸுக்குத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏவின் போட்டி தொடங்கியது. முதல் பட்டம் ஸ்டான்ஃபோர்டுக்கு. இதில் வருத்தப்பட வேண்டிய ஒரு பக்கமும் இருக்கிறது. பணமும் மதிப்பும் வந்ததும் அந்த வேலைகளுக்கு ஆண்கள் வந்துவிட்டார்கள். சட்டம் வரும் முன் கல்லூரிப் பெண்கள் டீம்களின் கோச்சுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். இன்று பாதிக்கும் குறைவு. பெண்கள் டென்னிஸில் பட்டம் வென்ற கோச்சுகளின் பெயர்களைப் பாருங்கள்: ஜார்ஜியாவின் ஜெஃப் வாலஸ், ஃபுளோரிடாவின் ரோலண்ட் தோர்ன்க்விஸ்ட், நார்த் கரோலினாவின் பிரையன் கால்பாஸ், டெக்சஸின் ஹோவர்ட் ஜாஃபி. எல்லாரும் ஆண்கள். திறமைசாலிகள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வரிசையில் ஃபொரூட் இருப்பதற்குப் பத்துப் பட்டத்துக்கு மேலும் ஒரு மதிப்பு உண்டு.

எல்லாரும் ஒரே இடத்தில் காத்திருந்து மேலே வருவதில்லை. கால்பாஸ் வில்லியம் அண்ட் மேரி என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் பேர் வாங்கிவிட்டு 2003-ல் நார்த் கரோலினாவுக்கு வந்தார். உள்ளரங்கப் பட்டங்களாகக் குவித்தும் மே மாதப் பட்டம் மட்டும் வருடக்கணக்கில் கைக்கு வராமல் நழுவிக்கொண்டே இருந்தது. 2023-ல்தான் வந்தது, இருபது வருடம் கழித்து. அதுவரை அந்தப் பல்கலைக்கழகம் அவரை மாற்றாமல் வைத்திருந்ததைப் பாராட்ட வேண்டும். கல்லூரி விளையாட்டில் இந்தப் பொறுமை அபூர்வம்.

பிரையன் ஷெல்டனின் பாதை வேறு. தொழில்முறையில் ஆடி ஓய்ந்த பிறகு, தான் படித்த ஜார்ஜியா டெக்கின் பெண்கள் டீமுக்குக் கோச்சானார். 2007-ல் அந்த டீம் தேசியப் பட்டம் வென்றது. ஜார்ஜியா டெக்குக்கு எந்த விளையாட்டிலும் கிடைத்த முதல் என்சிஏஏ டீம் பட்டம் அது. பிறகு ஃபுளோரிடாவின் ஆண்கள் டீமுக்கு மாறி 2021-ல் அங்கேயும் பட்டம் வென்றார். ஆண்கள், பெண்கள் இரண்டு பட்டமும் வென்ற ஒரே ஹெட் கோச் அவர்தான். 2021 இறுதியில் வெற்றிப் பாயின்ட்டை எடுத்துக் கொடுத்தது அவருடைய மகன், முதலாம் ஆண்டு மாணவன் பென் ஷெல்டன். அவர் ஆடியது ஐந்தாவது கோர்ட்டில். இரண்டு ஆண்டு கழித்து, 2023-ல், பிரையன் கல்லூரி வேலையை விட்டுவிட்டு மகனுக்கு முழுநேரக் கோச்சாகப் போனார்.